காரணம்: மேற்படி

பனங்கரட்டூரில் செத்தவர்களுக்கு நரை விழ ஆரம்பித்தது ஓர் ஆவணிச் செவ்வாய்க்கிழமை, தண்ணி லாரி வந்துவிட்டுப் போன பிறகு. முதலில் பார்த்தது கலாமணி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள், முப்பத்தொரு வயதில் செத்துப்போன தன் புருஷன் வேலுச்சாமிக்கு, பதினாறு வருஷமாகப் பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்த வேலுச்சாமிக்கு, காதோரம் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்திருப்பதைக் கண்டாள். ஒட்டடை என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நரை கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. சரி, அவருக்கும் வயசாகிறது என்று சொல்லிக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் ஊரில் நாற்பத்தேழு படங்களுக்கு நரை விழுந்திருந்தது. நாற்பத்தேழு பேரும் பதினெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில் செத்தவர்கள். நாற்பத்தேழு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். எங்கள் ஊர்க் கரட்டு மலைக்குக் கீழே, வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல்லை உடைத்து அரைத்து மூட்டை பிடிக்கிற மில் ஒன்று இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, சலித்த மைதா மாதிரி நைசாக வரும். அதனால் மாவு மில் என்போம். கண்ணாடி செய்யவும் தரைக்குப் போடும் டைல்ஸ் செய்யவும் அது லாரி லாரியாகப் போகிறது. லாரியில் போனது போக மிச்சம் எங்கள் நெஞ்சுக்குள் போனது. நானும் அங்கே பதினொரு வருஷம் மூட்டை தைத்தவன்தான். இதைச் சொல்லும்போது வாக்கியம் நீண்டுகொண்டே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தினால் மறுபடி மூச்சைப் பிடித்து ஆரம்பிப்பது எனக்குப் பெரும்பாடு.

புரட்டாசிக்குள் அவர்களுக்கெல்லாம் கன்னம் ஒட்டியது. ஐப்பசியில் பல் போனது. வாரத்துக்கு இரண்டு மூன்று வயது கூடியது, கொத்தனார் சுவர் எழுப்புவது போல நிதானமாக, ஒருநாள்கூட லீவு போடாமல். இதைக் கண்டு எங்கள் ஊர் அலறியடித்துக்கொண்டு ஓடியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. நாங்கள் எதற்கும் பழகிக்கொள்கிறவர்கள். குழம்பில் மாவு படிந்தால் மேலாக வடித்துவிட்டுச் சாப்பிடுவோம், மல்லிப்பூவைத் தொடுப்பதற்கு முன்னால் ஊதுவோம், இருமிக்கொண்டே கும்மியடிப்போம். இதற்கும் பழகிக்கொண்டோம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வைத்துப் படைக்கிற வீடுகளில் இந்த வருஷம் ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தார்கள், பல்லில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறாரே என்று இரண்டு வீட்டில் படத்தின் கண்ணாடிமேல் மூக்குக்கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டாரிடம் சுவரைக் காட்டி, எங்கள் வம்சத்தில் ஆம்பிளைகள் எல்லாம் தீர்க்காயுசு, பாருங்கள், எத்தனை பழுத்த பழம் என்று சொல்லி ஒரு கல்யாணத்தையே முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்போதே நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. நான் அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், எனக்கும் வெட்கம் இருக்கவில்லை.

கலாமணிகூட ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டாள். இத்தனை நாள் எனக்கு மட்டும் வயசாயிட்டு இருந்துச்சு, இப்ப அவரும் கூட வர்றாரு என்றாள். கார்த்திகை பிறந்ததும் அவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். அவளுக்கு மாமனார் போல, பிறகு மாமனாரின் அப்பா போல ஆனார். அப்புறம் அவள் அந்தப் படத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்காருவதை விட்டுவிட்டாள்.

பழகிக்கொள்ளாதவள் ஒருத்திதான். பாவாயி. அறுபத்திரண்டு வயது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நாலு செங்கல் அடுக்கி இட்லி சுட்டு விற்கிறவள். அவளுக்கு ஒரே மகன், லோகநாதன். லோகு, லோகு என்று ஊரே கூப்பிடும். கபடியில் மூச்சுப் பிடித்தால் எதிர்க் கோட்டுக்கு இரண்டு தடவை போய்விட்டு வருவான். மில்லில் அரைவை மிஷினுக்குக் கீழே மாவு அள்ளப் போனான். ஐந்தாவது வருஷம் அந்த மூச்சு, படியேறுகிறதுக்கே போதாமல் போனது. ஆறாவது வருஷம் செத்தான். அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு படம், கபடிப் பனியனோடு எடுத்தது. பதினேழு வருஷமாகப் பாவாயி விடியும்போது அடுப்புப் பற்றவைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்து, "டேய் லோகு, எந்திரிச்சுட்டியாடா" என்பாள். அது முடிந்துதான் அவளுக்கு நாள் தொடங்கும்.

மார்கழி தொடக்கத்தில் லோகு அவளைவிடக் கிழவனானான். கபடிப் பனியனுக்குள் ஓர் எழுபத்தைந்து வயது நெஞ்சுக்கூடு. காது தொங்கிப்போய், இமை சரிந்து, யாரோ ஒரு பெரியவர் வழிதவறி வந்து அந்தச் சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் விடாமல், டேய் லோகு என்றாள். இட்லி வாங்க நின்ற கலாமணிதான் அவளிடம் சொன்னாள்.

"அக்கா, சொல்றேனேன்னு நெனைக்காதீங்கொ. அவ்வளவு பெரியவர டா போட்டுக் கூப்புடறது நல்லா இல்லீங்க. நாலு பேரு காதுல விழுவுது."

"அப்ப எப்புடிக் கூப்புடோணும்?"

"வாங்க போங்கன்னு. நாங்கெல்லாம் அப்புடித்தான் மாத்திக்கிட்டோம்."

பாவாயி இட்லித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நாம் பெத்தவன நான் வாங்கங்கறதா? அவம் பொறந்தப்ப என்ற உள்ளங்கையி நீளந்தான் இருந்தான், கலாமணி. அந்த ஒசரத்துல இருந்து நான் பாத்தவன். எந்தக் கெழவன் வந்து உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. அவன் அங்க உக்காந்து என்ற மவன மறைக்கறான்."

அவளுக்கு வந்த பயம் மரியாதையைப் பற்றியது இல்லை. கண்ணை மூடினாலும் அந்தக் கிழவன்தான் வர ஆரம்பித்திருந்தான். லோகுவின் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது, அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவள் என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் ஞாபகம் இல்லை. பெற்றவள் மகனின் மச்சத்தை ஊரில் விசாரித்துக்கொண்டு திரிகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். படம் எடுத்த ஸ்டுடியோவுக்குப் போனாள். பழைய நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள், அதிலும் கிழவன் இருந்தான். மறுநாள் பஸ் ஏறி மணியகாரம்மாவைப் பார்க்கப் போனாள். கிராம நிர்வாக அலுவலர் என்று போர்டில் இருக்கும், எங்கள் பக்கத்தில் மணியகாரர் என்றுதான் சொல்வோம். இப்போது இருப்பது தமிழரசி என்று ஒரு சின்ன வயசுப் பெண், வந்து ஒரு வருஷம் ஆகிறது.

தனக்கு மூச்சிரைக்கிறது என்று சொல்லித் துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அவளுக்கு இல்லை, எனக்குத்தான் இரைக்கும், ஆனாலும் போனேன். தமிழரசி கம்ப்யூட்டரில் தட்டி லோகுவின் இறப்புச் சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தாள். பெயர் சரி. ஊர் சரி. வயது இருபத்திநான்கு. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் முதுமை என்று இருந்தது.

"இருபத்திநாலு வயசுல முதுமைங்களா அம்மிணி?" என்றாள் பாவாயி. அறிவொளி இயக்கக் காலத்தில் படிக்கக் கற்றுக்கொண்டவள், எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"நான் ஏத்தலீங்கம்மா. பழைய பதிவேட்டையெல்லாம் ஆவணி மாசம் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. மொத்தமா வந்த டேட்டா."

"அந்தப் பழைய நோட்டுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு."

தமிழரசி நல்ல பெண். பீரோவைத் திறந்து, கரையான் ஓரம் தின்ற பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி விரித்தாள். அந்தப் புத்தகத்தின் முதல் வரியில், ஆராயி, வயது தொண்ணூற்றுமூன்று, காரணம் முதுமை என்று இருந்தது. ஆராயி நிஜமாகவே முதுமையில் செத்தவள், அதில் பொய் இல்லை. அதற்குக் கீழே இரண்டாவது வரியில், மில்லில் முதல் சாவு. முப்பத்தாறு வயது. காரணம் என்ற கட்டத்தில் ஷ போலத் தொடங்கிச் சுழித்து இழுத்த ஒரு கிறுக்கல்: ௸. அதற்குக் கீழே ௸. அதற்குக் கீழே ௸. பக்கம் திருப்பினாள், ௸ ௸ ௸ என்று மண்புழுக்களாக நெளிந்து இறங்கின, நாற்பத்தேழு பேருக்கும் அதேதான், லோகுவுக்கும் அதேதான்.

"என்ன எழுத்துங்க இது? எங்க வாத்தியாரு இத சொல்லிக் குடுக்கலியே."

"மேற்படின்னு அர்த்தங்கம்மா. மேல எழுதுனது எதுவோ அதேதான் கீழயும்னு. பழைய பத்திரத்துல எல்லாம் போடுவாங்க. எழுதுறது மிச்சம்."

அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்து மணியகாரர் சோம்பலில் சுழித்தாரா, மில்லிலிருந்து யாராவது அவரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்களா என்பதை இனிமேல் கேட்க முடியாது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதத்தில் இருந்தவரைக்கும் அந்தச் சுழி யார் வம்புக்கும் போகாமல் பீரோவுக்குள் படுத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த ஆள் கடமை தவறாதவன். மேற்படி என்றால் என்ன என்று தெரிந்தவன். ஒவ்வொரு சுழியையும் அவிழ்த்து முதுமை, முதுமை, முதுமை என்று நாற்பத்தேழு தடவை தட்டியிருக்கிறான். சர்க்கார் ஒருவரை முதுமையில் செத்தார் என்று சொல்லிவிட்டால் அவர் முதுமை அடைந்துதானே ஆகவேண்டும்? அடைந்தார்கள்.

"ஒரு சோம்பேறிப்பய சுழிச்சதுக்கு என்ற மவன் நரைக்கறான்" என்றாள் பாவாயி. சத்தம் போடவில்லை. பதிவேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், அடியில் இருப்பது எழுந்துவிடாமல் பிடிக்கிற மாதிரி. "மாத்தோணும்னா என்ன பண்ணோணும்?"

"எதனால செத்தார்னு காட்டறதுக்கு அந்தக் காலத்துக் காகிதம் ஏதாச்சும் வேணுங்கம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு, பேப்பர்ல வந்தது, எதுவா இருந்தாலும்."

ஆஸ்பத்திரிச் சீட்டில் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் கூரை ஒழுகியதில் கரைந்துபோனது. பேப்பரில் எங்கள் ஊர் வந்ததே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாவாயிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"ஏண்டா ரங்கா, லோகு செத்தப்ப அவன்ற கபடிப் பசங்க கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சாங்கள்ல? அதுல என்னமோ மில்லப் பத்திப் போட்டிருந்துச்சுன்னு சொன்னாங்க. நான் பொணத்துக்கிட்ட உக்காந்திருந்தேன், பாக்கல. பொறகு பாக்கலாம்னு போனா ஒண்ணுகூட இல்ல. எங்கடா போச்சு?"

எனக்கு அது எங்கே போனதென்று தெரியும். லோகுவைப் புதைத்த மறுநாள், மில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு வாளி மைதாப் பசையும் ஒரு கட்டுப் போஸ்டரும் கொடுத்து, ஆயுத பூஜை வருகிறது, நம் மில் வாழ்த்துப் போஸ்டரை ஊருக்குள் ஒட்டு, அந்தக் கபடிப் பசங்கள் ஒட்டினது எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே அதன் மேலேயே ஒட்டு என்றார். ஒட்டினேன். அன்றைக்கு எனக்கு அரைநாள் லீவு கொடுத்தார்கள். இதைப் பதினேழு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த பஸ்ஸில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாவாயியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்தச் செவுத்துல?" என்று மட்டும் கேட்டாள்.

மற்ற சுவர்களெல்லாம் இடிந்துவிட்டன, மிஞ்சியது நிழற்குடைச் சுவர். நாலு நாள் மத்தியானத்தில் ஈரச்சாக்கைப் போட்டு ஊறவைத்து, தோசைக் கரண்டியால் நாங்கள் இரண்டு பேரும் உரித்தோம். பதினேழு வருஷம் அந்தச் சுவரில் ஒரு சாண் கனத்துக்கு ஏறியிருந்தது. தேர்தல் சிரிப்புகள், காதணி விழாக்கள், பூப்பு நன்னீராட்டுகள், சர்க்கஸ் யானை, மறுபடி தேர்தல் சிரிப்புகள், அவற்றுக்கு நடுநடுவே எங்கள் ஆட்களின் கண்ணீர் அஞ்சலிகள், தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. பாவாயி ஒவ்வொன்றிலும் பெரிய தேதியிலிருந்து சின்னத் தேதியை விரல்விட்டுக் கழித்து, இருபத்தொம்பது, முப்பத்திமூணு, பத்தொம்பது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் கையும் கூட நீளவில்லை.

நாலாம் நாள் சரஸ்வதி வந்தாள், மில் வாழ்த்துப் போஸ்டரில் வீணையோடு. அவளுக்குப் பின்னால்தான் லோகு. நான் எவ்வளவு மெதுவாக உரித்தும், அன்றைக்கு நானே அழுத்தித் தேய்த்த பசை நானே நினைத்தாலும் விடவில்லை. எழுத்து முழுசாகச் சுவரில் நின்றது. முகம் சரஸ்வதியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போய்க் கையில் கூழாகிவிட்டது. முகம் இருந்த இடத்தில் வெறும் மைதா. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது:

மாவு மில் தூசி தின்ற எங்கள் லோகு. தோற்றம்: 11.3.1980. மறைவு: 18.10.2004. கண்ணீருடன், கரட்டு நண்பர்கள் கபடிக் குழு.

பாவாயி அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரின் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்து, இட்லித் தட்டில் வைத்து, தமிழரசியிடம் தூக்கிக்கொண்டு போனோம். தமிழரசி படித்துவிட்டுத் தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"இது நோட்டீஸுங்கம்மா. ஆவணம் ஆகாது. அப்படியே நான் ஏத்துக்கிட்டாலும், கம்ப்யூட்டர்ல காரணத்துக்கு ஒரு பட்டியல்தான் இருக்கு. முதுமை, மாரடைப்பு, காய்ச்சல், விபத்து. தூசின்னு அதுல இல்லீங்க."

"சாவுறவங்க பட்டியலப் பாத்துத்தான் சாவோணுமா?"

தமிழரசி அழுதேவிட்டாள். அழுதால் ஆகிறதா என்ன? நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

தை மாதத்தில் நல்லசிவத்துக்கு ஒரு யோசனை வந்தது. நல்லசிவம்தான் மில் முதலாளி. கரட்டுக்கு வடக்கே இரண்டாவது மில் போடுவதற்கு மனுப் போட்டிருந்தார். அதற்கு ஊர்மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்பது சட்டம். தூசியால் ஆள் சாகிறார்கள் என்று எவனாவது கிளப்பிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தவருக்கு எங்கள் சுவர்கள் கண்ணில் பட்டன. நாற்பத்தேழு பழுத்த கிழங்கள். ஒரே நாளில் ஊர் எல்லையில் இரும்பு வளைவு ஏறியது: நீண்ட ஆயுள் கிராமம் பனங்கரட்டூர் தங்களை வரவேற்கிறது. கூட்டத்தன்று ஒவ்வொரு வீடும் தங்கள் பெரியவர் படத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்து மரியாதை செய்யவேண்டும், பெரியவர்களுக்குச் சால்வை போர்த்தப்படும் என்று மைக் கட்டி ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள். துடைத்து, பொட்டு வைத்து, எங்கள் கையாலேயே தூக்கிக்கொண்டு போனோம். தூசியில் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு, தூசிக்குச் சாட்சி சொல்லப் போனோம். அன்றைக்கு எங்கள் வரிசையைப் பார்த்திருந்தால் நீங்கள் காறித் துப்பியிருப்பீர்கள், துப்பியிருக்கத்தான் வேண்டும்.

பாவாயியும் கொண்டுவந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தை மேடையில் மற்ற படங்களோடு கடைசி நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையோரம் மேசை போட்டிருந்த எழுத்தரிடம் பேர் கொடுக்கப் போனாள். எழுத்தர் அறுபது பேர் பட்டியலை வைத்திருந்தார். வரிசை எண், பேர், கருத்து என்று மூன்று கட்டம். முதல் ஆள் மில் கணக்கர் சண்முகவடிவேல். அவர் எழுந்து எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்வார் என்பது முன்கூட்டியே பேசிவைத்தது. அதனால் எழுத்தர் முதல் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து அறுபதுவரைக்கும், ஆட்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, வெற்றிலையை மென்றுகொண்டு சுழித்து முடித்திருந்தார். ௸ ௸ ௸ ௸.

பாவாயிக்கு இப்போது அந்த எழுத்து தெரியும்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். பிறகு நேராக என்னிடம் வந்தாள். நாற்காலி போடுவதும் மைக் பிடித்துக் கொடுப்பதும் அன்றைக்கு என் வேலை. கருத்துக் கேட்க வந்த அதிகாரி உட்கார்ந்தாயிற்று, நல்லசிவம் பட்டுச்சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று, சண்முகவடிவேல் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரங்கா, அத இங்க குடு" என்றாள் பாவாயி.

கொடுத்தேன். அதிலே யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய், அவசரமில்லாமல், இட்லிக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்: "என்ற மவன் லோகநாதன் மாவு மில்லுத் தூசியில செத்தான். அப்ப அவனுக்கு இருபத்திநாலு வயசு."

எழுத்தர் தலை நிமிராமல், மைக்கில் வந்ததை அப்படியே முதல் கட்டத்தில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

கூட்டம் சலசலத்தது. அதிகாரி, இருக்கட்டும், அடுத்தவர் பேசட்டும் என்று கையைக் காட்டினார். சண்முகவடிவேல் சிரித்துக்கொண்டே வந்து மைக்கை வாங்கி, கனைத்து, அதிகாரியைக் கும்பிட்டு, "என்ற மவன் லோகநாதன் மாவு மில்லுத் தூசியில செத்தான். அப்ப அவனுக்கு இருபத்திநாலு வயசு" என்றார். சொன்னது தன் வாய்தானா என்று உதட்டைத் துடைத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் மட்டும்தான். மேடையில் முதல் நாற்காலிப் படத்தில் நரை கறுத்தது.

அடுத்து லாரி காண்ட்ராக்டர். அவரும் அதையேதான் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் ரோடு வசதி பற்றிப் பேச வாயெடுத்து, என்ற மவன் லோகநாதன் என்றார். கலாமணி, ஆட்சேபணை இல்லை என்று வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள், மைக்கைத் தொட்டதும் என்ற மவன் என்று ஆரம்பித்து, இருபத்திநாலு வயசு என்று முடித்துவிட்டு, மேடையைப் பார்த்தாள். வேலுச்சாமி முப்பத்தொரு வயதில், இடுங்காத கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவி மனுஷா, எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவள் அந்தப் படத்தை அடித்துக்கொண்டு அழுதாள். பதினாறு வருஷமாக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தோம், சொன்னோம். நானும் சொன்னேன். ஒரு மூச்சில் சொல்ல முடிந்தது. சொல்லச் சொல்ல நாற்காலிகளில் தோல் இறுகியது, பல் முளைத்தது, நாற்பத்தாறு இளவட்டங்கள் சால்வை போர்த்திக்கொண்டு எங்களை முறைத்தார்கள். அவர்கள் முறைத்ததுதான் எனக்கு வலித்தது.

கடைசி வரி நல்லசிவம். எழுந்திருக்கமாட்டேன் என்று நாற்காலியின் கையைப் பிடித்துப் பார்த்தார். பட்டியலில் பேர் இருந்தது, பேருக்கு எதிரே சுழி இருந்தது, எழுந்தார். அச்சடித்த உரையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். வேலைவாய்ப்பு, வளர்ச்சி என்று அதில் பத்தி பத்தியாக இருந்தது. அதைப் பார்த்தே படித்தார்.

"என்ற மவன் லோகநாதன்" என்றார் நல்லசிவம். அவர் மகன் வெளிநாட்டில் படிக்கிறான். "மாவு மில்லுத் தூசியில செத்தான். அப்ப அவனுக்கு இருபத்திநாலு வயசு."

அதற்கப்புறம் அவருக்கு வேறு பேச்சே வரவில்லை என்றும், டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டாலும், கோயிலில் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டாலும் அதையேதான் சொல்கிறார் என்றும் அவருடைய டிரைவர் பிற்பாடு எங்களிடம் சொன்னான். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அன்றைக்கு அதிகாரி, எல்லாருடைய கருத்தும் ஒரே மாதிரி இருப்பதால் கூட்டம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவசரமாக ஜீப்பில் ஏறினார். இரண்டாவது மில் வரவில்லை. முதல் மில் இன்னும் ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாவாயி கடைசி நாற்காலிக்குப் போனாள். கபடிப் பனியனில் லோகு இருந்தான். மச்சம் இடப்பக்கம். ஸ்டுடியோக்காரர் அந்தக் காலத்தில் படத்தைச் சுத்தம் செய்தபோது எடுத்துவிட்டிருந்ததும் இப்போது திரும்ப வந்திருந்தது: புருவத்திலும் காது மடலிலும் கழுத்துக் குழியிலும் படிந்த மாவு. "டேய் லோகு" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். மாவு கண்ணாடிக்கு வெளியே வந்தது. வழித்தாள், கை நிறைய வந்தது.

அந்தக் கையோடு நல்லசிவத்திடம் நடந்து போனாள். அவர் உரைத்தாளைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். ஆட்கள் தடுக்க வந்தார்கள், தடுக்கவில்லை. வெளியூர் கிளம்புகிற பிள்ளைக்குத் திருநீறு பூசுகிற மாதிரி, நெற்றி முழுக்க, அந்த மாவை அழுத்திப் பூசினாள். மிச்சத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்து ஊதினாள். அவருக்கு இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரைக்கும் பாவாயி பொறுமையாக நின்றாள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள்.